இரண்டாம் மிதியில் விழும் கியர்

கேள்வி: என் அப்பாவிடம் 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1.6 லிட்டர் என்ஜின், ஐந்து கியர். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் எடுக்கிறேன். ஒரு வருடமாகக் காலையில் முதல் தடவை கிளட்ச்சை மிதித்தால் கியர் விழுவதில்லை. ரிவர்ஸ் போட்டால் நறநறவென்று சத்தம் வருகிறது. வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்தால் சரியாகிவிடுகிறது. என்ஜின் ஓடாதபோது எல்லா கியரும் சுலபமாக விழுகின்றன. மேட்டில் ஏறும்போது இழுவை குறையவில்லை. கிளட்ச்சுக்கான சின்னத் தொட்டியில் ஆயில் கறுத்திருக்கிறது. இரண்டு முறை குறைந்து நிரப்பியிருக்கிறேன். பட்டறையில், கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்கி முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அப்பாவோ, இரண்டு மிதி மிதித்து ஓட்டு, ஒன்றும் ஆகாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கியர்பாக்ஸை இப்போது இறக்க வேண்டாம். இரண்டு மிதி மிதித்து ஓட்டுவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். இருவரும் சொல்வதில் பட்டறையின் பேச்சு செலவு மிகுந்தது, அப்பாவின் பேச்சு ஆபத்து மிகுந்தது. ஆனால் வண்டியின் நோய் என்ன என்பதை அப்பாவின் வாய்தான் சொல்லியிருக்கிறது. இரண்டாம் மிதியில் கியர் விழுகிறது என்பதே பாதி விடை.

கிளட்ச்சுக்கு வரும் கோளாறுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் போவது. மற்றது, சரியாக விடாமல் போவது. பிளேட் தேய்ந்தால் பெரும்பாலும் முதல் வகைதான் வரும். மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கருகிய வாடை வரும். உங்கள் வண்டியில் இழுவை குறையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உறுதி செய்துகொள்ள, வெறிச்சோடிய சாலையில் நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பாருங்கள். ஆர்.பி.எம். முள் தனியாகத் துள்ளாமல் வேகத்தோடு சேர்ந்து ஏறினால், பிளேட் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாம் வகை. பெடலை அடிவரை மிதித்தும் பிளேட், என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலை விட்டு முழுதாக விலகவில்லை. அதனால் கியர்பாக்ஸின் உள் தண்டு என்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்ஜின் நின்றிருக்கும்போது அந்தத் தண்டும் நின்றிருப்பதால் கியர் சுலபமாக விழுகிறது. அந்தக் கால கியர்பாக்ஸ்களில் ரிவர்சுக்குப் பெரும்பாலும் சிங்க்ரோ (பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) கிடையாது என்பதால், சுற்றும் பல்லும் நிற்கும் பல்லும் நேரடியாக மோதி முதலில் அங்கேதான் நறநறக்கும்.

விலகாததற்குக் காரணம் கியர்பாக்ஸுக்குள்ளும் இருக்கலாம், வெளியிலும் இருக்கலாம். உள்ளே இருப்பவை பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட், அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ஃபோர்க், பேரிங். வெளியே இருப்பவை பெடல், மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், குழாய், ஹோஸ், அந்த ஆயில் போய்த் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர். எல்லை எங்கே என்றால், ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து வெளியே வந்து ஃபோர்க்கைத் தள்ளும் அந்தச் சிறு புஷ் ராட்டில். அது எவ்வளவு தூரம் நகர்கிறது என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்துவிட்டால், கோளாறு எல்லைக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அதை அளக்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழில் கற்ற காலத்தில் ஒரு பழைய இரண்டு இருக்கைக் காரின் கியர்பாக்ஸை நானும் என்னைவிட மூத்த ஒருவரும் இரண்டு நாள் பாடுபட்டு இறக்கினோம். பிளேட்டில் பாதிக்கு மேல் கனம் மிச்சம் இருந்தது. பிரஷர் பிளேட்டின் விரல்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன. புதிய செட்டைப் போட்டு ஏற்றினோம். முதல் மிதியில் அதே நறநறப்பு. கடைசியில் பெடலுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் ராடையும் இணைக்கும் பின் நடுவில் இடுப்பு சிறுத்துத் தேய்ந்திருந்தது, அது நுழையும் துளை முட்டை வடிவமாகியிருந்தது. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு பின். அந்த வண்டியின் சொந்தக்காரர் கொடுத்த கூலி எங்கள் தவறுக்கான கூலி. அந்தப் பின்னை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவ்வளவு சின்னத் தேய்மானம் ஏன் அவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது? கணக்கைப் பார்த்தால் புரியும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 5/8 அங்குலம், ஸ்லேவ் சிலிண்டரின் உள்விட்டம் 3/4 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் அது தள்ளும் ஆயில் 5 மி.லி.க்குச் சற்றே குறைவு. ஒரு தேக்கரண்டி. அந்த ஒரு தேக்கரண்டி ஆயிலை நம்பித்தான் கிளட்ச் முழுவதும் இருக்கிறது. அது கீழே ஸ்லேவ் பிஸ்டனை ஏறத்தாழ 17 மி.மீ. தள்ளும். இதில் 1 மி.லி. மட்டும் கசிந்துபோனாலும், அதே அளவு காற்று குழாயில் தங்கி அழுந்தினாலும், கீழே மூன்றரை மி.மீ. நகர்வு காணாமல் போகும். மேலே பின்னும் துளையும் சேர்ந்து 2 மி.மீ. தேய்ந்திருந்தால் கீழே 1.4 மி.மீ. போய்விடும். இந்த வகை வண்டிகளில் ராட் ஏறத்தாழ அரை அங்குலமாவது, அதாவது 12, 13 மி.மீ. நகர்ந்தால்தான் பிளேட் நன்றாக விலகும். கையிருப்பே சில மி.மீ.தான் என்னும்போது எதை இழக்க முடியும்?

இனி அளக்கும் வேலை. உங்கள் வண்டியில் ஒரு நல்ல வசதி: ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே, இரண்டு போல்ட்டுகளில் நிற்கிறது. பிற்காலத்தில் வந்த பல வண்டிகளில் அது ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து உள்ளே ஒளிந்திருக்கும்; அவற்றில் இந்தச் சோதனையே செய்ய முடியாது.

சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கியபின் கட்டாயம் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள். சாவியை எடுத்து உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைக்கு என்ஜின் ஓட வேண்டியதில்லை. அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வையுங்கள். கண் பார்க்க வேண்டிய வேலை அல்ல, கால் மிதிக்க வேண்டிய வேலை. அந்தப் பெடலை மிதித்துப் பழகிய கால் அவருடையது.

நீங்கள் கீழே போனதும் முதலில் ஸ்லேவ் சிலிண்டரின் வாயை மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். அதன் ஓரத்தை விரலால் மெல்லத் தூக்குங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. ஒரு சொட்டு கறுப்பு ஆயில் விரலில் வழிந்தால், உங்கள் தொட்டி ஏன் இரண்டு முறை குறைந்தது என்பதற்கான விடை அந்தச் சொட்டுதான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது வழியும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். மூடிய அமைப்பில் ஆயில் தானாகக் குறையாது. பிரேக்கில் பேட் தேயத் தேய ஆயில் இறங்குவதைப்போல இங்கே இறங்காது. சொல்லப்போனால் பிளேட் தேயும்போது ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு, தொட்டியில் மட்டம் துளி ஏறத்தான் வேண்டும். குறைகிறது என்றால் எங்கோ வெளியே போகிறது.

உறையை ஒதுக்கி, ராடில் ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். ஸ்கேலை அசையாமல் பிடித்துக்கொண்டு, அப்பாவை ஒரே ஒரு முறை மெதுவாக அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். கோடு எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஐந்து முறை வேகமாக மிதித்து, ஐந்தாவது மிதியில் அப்படியே பிடிக்கச் சொல்லி இன்னொரு அளவு. காலை எடுக்காமல் ஒரு நிமிடம் காத்திருந்து, கோடு பின்வாங்குகிறதா என்று மூன்றாவது அளவு. போனில் வீடியோ எடுத்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். ஃபோர்க் அருகே விரலை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதன் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கின் பலம் எலும்பை நசுக்கும்.

முதல் அளவு குறைவாகவும் ஐந்து மிதிக்குப் பின் கணிசமாக அதிகமாகவும் வந்தால், குழாயில் காற்று இருக்கிறது அல்லது சீல் தேய்ந்து அழுத்தம் கசிகிறது. வேகமாக மிதித்தால் ஏன் சரியாகிறது என்பதற்கு இயக்கத்திலேயே விளக்கம் உண்டு. பெடலை விட்டதும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் விருட்டென்று பின்னால் வருகிறது. கீழே ஸ்லேவ் பிஸ்டன் அதே வேகத்தில் திரும்புவதில்லை. அந்த இடைவெளியில் மேல் சிலிண்டர் தொட்டியிலிருந்து கொஞ்சம் ஆயிலைப் புதிதாக இழுத்துக்கொள்கிறது. அடுத்த மிதி வரும்போது ஸ்லேவ் பிஸ்டன் பாதி வழியிலேயே நிற்கிறது. அதனால் இந்த முறை எல்லையைத் தொட்டுவிடுகிறது. தேய்ந்துபோன பிளேட்டோ, உடைந்த ஃபோர்க்கோ, எத்தனை முறை மிதித்தாலும் இப்படிக் குணமாகாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் கியர்பாக்ஸைத் தொட வேண்டாம் என்று நான் எழுதியதற்கு இதுதான் காரணம்.

பிடித்திருக்கும்போது கோடு மெல்லப் பின்வாங்கினால், வெளியே ஒரு சொட்டும் இல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் அழுத்தத்தைத் தாங்காமல் ஆயில் தன் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. சிக்னலில் முதல் கியரில் கிளட்ச்சை மிதித்துக் காத்திருக்கும்போது வண்டி தானாக முன்னால் நகரப் பார்ப்பது இதன் அடையாளம். அதே மாஸ்டர் சிலிண்டர் பின்புறமாகக் கசிந்தால் ஆயில் காருக்குள் வரும். பெடலின் மேல்பகுதியில் ராட் நுழையும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்; கீழே கார்ப்பெட்டையும் முகர்ந்து பாருங்கள். என்ஜின் பக்கம் அதன் அடியில் பெயின்ட் உப்பி உரிந்திருந்தால் அதுவும் சாட்சி.

மூன்று அளவும் ஒன்றுபோல் குறைவாகவே இருந்தால் கதை வேறு. நான் மேலே சொன்ன பின், பெடலின் மையப் புஷ், பெடலைத் தாங்கும் தகடு ஆகியவற்றைப் பாருங்கள். எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் இந்தப் பின் தேய்வது அன்றாடக் காட்சி. ஹோஸ் வீங்கினாலும் நகர்வு குறையும். ஒருவர் மிதிக்கும்போது அதை உள்ளங்கையில் பிடித்தால் பாம்பு இரை விழுங்குவதுபோல் புடைப்பது கைக்குத் தெரியும்.

மூன்று அளவும் நிறைவாக, 13 மி.மீ.க்கு மேல் வந்து, அப்போதும் ரிவர்ஸ் நறநறத்தால், பட்டறைக்காரர் சொல்வது சரி. கோளாறு உள்ளேதான். விரல் உடைந்த பிரஷர் பிளேட், வளைந்த பிளேட், துருவேறிய ஸ்ப்லைன், இறுகிப்போன பைலட் பேரிங், விரிசல் விட்ட ஃபோர்க் என்று பல இருக்கின்றன. டிரையம்ஃப் டிஆர்6 கார்களில் ஃபோர்க்கை அதன் தண்டோடு இணைக்கும் கூம்பு வடிவப் பின் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். வெளியே எல்லாம் சரியாக நகரும், உள்ளே ஒன்றும் நடக்காது. அப்போது கியர்பாக்ஸை இறக்குவதைத் தவிர வழியில்லை. மற்ற கியர்கள் எல்லாம் சரியாக விழுந்து இரண்டாவது மட்டும் நறநறத்தால், அது கிளட்ச்சே அல்ல; சிங்க்ரோ.

உங்கள் வண்டியில் ஸ்லேவ் சிலிண்டர்தான் என்று முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை மாற்றியிருப்பார். அது இருக்கும் இடம் அப்படி. ஆயில் பாதையின் கடைக்கோடி, சாலைக்கு அருகே, தண்ணீரும் தூசியும் படும் இடம். அங்கே போன ஆயில் சுழன்று மேலே வருவதில்லை. அங்கேயே கிடந்து ஈரத்தை ஏற்று, சுவரை அரித்து, ரப்பரைத் தேய்த்துக் கறுத்துப்போகிறது.

சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தால், உள் சுவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் இடத்திலும் நகம் ஒரு பள்ளத்தில் சிக்கும். சிக்கினால் ரப்பர் சீல் மட்டும் மாற்றுவது வீண். புதிய சீல் அந்தப் பள்ளத்தின் மேல் ஆயிரக்கணக்கான முறை போய்வந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். முழு சிலிண்டரையும் மாற்றுங்கள். கூடவே ஹோஸையும் மாற்றுங்கள். அது முப்பது வயது ரப்பர். உள்ளடுக்கு பிரிந்து மடிந்தால் ஒருவழி வால்வு போலாகி, மிதிக்கும்போது விட்டு, திரும்பும்போது தடுக்கும். பிறகு கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும். காரணம் தெரியாமல் அலைவீர்கள்.

மாஸ்டர் சிலிண்டர்? சோதனையில் அது தேறினாலும், அதுவும் அதே வயதுதான் என்றால் நான் சேர்த்தே மாற்றிவிடுவேன். புதிய ஸ்லேவ் வந்ததும் அமைப்பில் அழுத்தம் மீண்டும் முழுதாக ஏறும். இதுவரை தப்பித்துவந்த மேல் சீல் அதைத் தாங்காமல் சில வாரங்களில் கைவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இது என் அனுபவ முடிவு, கட்டாயமில்லை. கையில் பணம் இல்லாவிட்டால் ஸ்லேவையும் ஹோஸையும் முதலில் மாற்றுங்கள், மாஸ்டரைக் கண்காணியுங்கள்.

பட்டறைக்காரரின் யோசனைப்படி கியர்பாக்ஸை இறக்கிப் புதிய பிளேட்டைப் போட்டு, ஸ்லேவை மட்டும் பழையதாகவே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட்டின் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் சாய்கின்றன. ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு அங்கேயே புழங்குகிறது. கனமான புதிய பிளேட் வந்ததும் பிஸ்டன் வெளிவாய்ப் பக்கம் நகர்ந்து நிற்கும். அந்த இடம் பல வருடங்களாகச் சீல் படாமல் தூசியும் துருவும் படிந்துகிடக்கிறது. புதிய கிளட்ச் போட்ட சில வாரங்களில் பழைய ஸ்லேவ் கசிந்தது என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் கதை. வேலை செய்தவர் மேல் பழி விழும். உண்மையில் யாரும் இதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆயிலைப் பற்றி. எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோம். அது எண்ணெயே அல்ல. கிளைக்கால் வகை திரவம். தொட்டியின் மூடியில் எந்த வகை என்று பொறித்திருக்கும்; உங்கள் வண்டிக்கு டாட் 3. டாட் 4 ஊற்றினாலும் கெடுதல் இல்லை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியசில்தான் கொதிக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4க்கு 230, 155. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது இதன் குணம் என்பதால், மாதக்கணக்கில் திறந்து கிடந்த பாட்டிலிலிருந்து ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன். இதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரில் ஒத்திருந்தாலும் கிளைக்கால் வகைதான். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டு ஊற்றினாலும் சீல்கள் எல்லாம் ஊதிப் பழமாகிவிடும்; பிறகு குழாய் தவிர அத்தனையும் மாற்ற வேண்டும். பெயின்ட் மேல் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஏர் எடுப்பது, அதாவது குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றுவது. பாதிப் பேர் தோற்பது இங்கேதான். புதிய பாகங்களை மாட்டிவிட்டு, பெடல் எழவில்லை, புதுப் பாகமே கெட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பொறுமை இருந்தால் போதும்.

முதலில் குழாய் நட்டை, அதைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் ஸ்பேனரால் மட்டும் திருகுங்கள். சாதாரண ஸ்பேனர் அதன் முனைகளை உருட்டிவிடும். எல்லாம் மாட்டியபின் தொட்டியை நிரப்பி, ஸ்லேவில் காற்றை வெளியேற்றுவதற்கான திருகில், அதாவது நிப்பிளில், ஒரு தெளிவான ட்யூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய கண்ணாடிப் புட்டியில் மூழ்கவிடுங்கள். நிப்பிளைத் திறந்து, யாரும் மிதிக்காமல், புவியீர்ப்பில் தானாகச் சொட்டவிடுங்கள். அரை மணி நேரம் ஆகட்டும். தொட்டி மிகச் சிறியது, சில மிதிகளிலேயே காலியாகிக் காற்றை மறுபடி விழுங்கிவிடும். அதனால் உங்கள் கண் அதன் மேலேயே இருக்கட்டும்.

சொட்டு சீராக வரத் தொடங்கியதும் நிப்பிளை மூடி, அப்பாவை மெதுவாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள்; பெடல் கீழே போகும். போய்ச் சேர்ந்ததும் மூடுங்கள். மூடிவிட்டேன் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடலாம். ட்யூபில் குமிழி வருவது நிற்கும்வரை இதைத் தொடருங்கள். முதலில் கறுப்பாக, பிறகு தேநீர் நிறத்தில், கடைசியில் தெளிவாக வரும்.

குமிழி நின்றும் பெடல் மெத்தென்று இருந்தால், குழாயின் மேட்டு வளைவு ஏதோ ஒன்றில் காற்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒரு வழி. ஸ்லேவின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஹோஸோடு தொங்கவிட்டு, நிப்பிள் எல்லாவற்றுக்கும் உயரமாக இருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். நிப்பிள் மூடியே இருக்கட்டும். தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு துணியால் சுற்றி வைத்துவிட்டு, புஷ் ராடைக் கட்டைவிரலால் மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உள்ளிருக்கும் ஆயில் வந்த வழியே மேலே ஏறும். தொட்டியில் ஒன்றிரண்டு குமிழி மெல்ல வெடிப்பதைப் பார்க்கலாம். மெதுவாக விட்டு, மறுபடி அழுத்துங்கள். ஏழெட்டு முறை போதும். அந்த நேரத்தில் யாரும் பெடலைத் தொடக் கூடாது. தொட்டால் தாங்க ஆளில்லாத பிஸ்டன் வெளியே குதித்துவிடும். அப்பாவைக் காரைவிட்டு இறங்கச் சொல்லிவிடுவதே நல்லது.

மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினால், பெடலில் ராடின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டிவரும். பெடல் உயரமாக இருக்கட்டும் என்று ராடை நீட்டி, ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள். மாஸ்டர் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான் தொட்டிக்குப் போகும் சிறு துளை திறக்கும். ராட் அதைத் தடுத்தால், ஆயில் சூடேறி விரியும்போது போக இடமின்றி ஸ்லேவைத் தானே தள்ளும். குளிர்ந்த வண்டி நன்றாக ஓடும். அரை மணி நேரத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். நல்ல பிளேட் அப்படித்தான் கருகுகிறது. விரலால் தள்ளினால் பெடலில் ஒரு சிறு தளர்ச்சி தெரிய வேண்டும், எத்தனை மி.மீ. என்பதை உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேட்டில் பார்த்து வையுங்கள்.

இனி அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். அவர் இத்தனை வருடம் அந்த வண்டியைக் காப்பாற்றியவர். அவரிடம் இதை மரியாதையோடு சொல்லுங்கள். சீல் படிப்படியாகத் தேயும், ஆனால் கைவிடும்போது ஒரே மிதியில் கைவிட்டுவிடும். பெடல் தரையில் ஒட்டிக்கொள்ளும், முதல் கியரில் வண்டி நிற்காமல் இழுக்கும். அது ஒரு சந்திப்பில், முன்னால் யாரோ கடக்கும்போது நடக்கலாம். அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுதாக மிதியுங்கள், லீவரை நியூட்ரலுக்கு இழுங்கள். வராவிட்டால் என்ஜின் தானாக நிற்கட்டும், பிரேக்கை விடாதீர்கள். இன்னொன்று: ஒவ்வொரு நறநறப்பும் கியர் பல்லின் முனையிலிருந்து கொஞ்சம் உலோகத்தைச் சீவி எடுக்கிறது. கிளட்ச்சுக்காக இறக்க வேண்டாத கியர்பாக்ஸை, பல்லுக்காக இறக்க வேண்டிவரும்.

பட்டறைக்காரரையும் பகைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று அளவையும் தாளில் எழுதிக்கொண்டு போய், ராட் இவ்வளவுதான் நகர்கிறது, முதலில் ஸ்லேவையும் ஹோஸையும் மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். எண்ணைக் கண்டால் நல்ல மெக்கானிக் உடனே கீழே குனிந்து பார்ப்பார். பார்க்க மறுத்து, கியர்பாக்ஸ் கியர்பாக்ஸ் என்றே சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.

வேலை முடிந்ததும் ராடின் நகர்வை மறுபடி அளந்து, தேதியோடு எழுதி, வண்டியின் கையேட்டுக்குள் வையுங்கள். முதல் வாரம் தினமும் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள், ஸ்லேவின் உறையைத் தொட்டுப் பாருங்கள். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றும்போது அதே இடத்தில் அதே ஸ்கேலை வைத்து இன்னொரு முறை அளந்து, பழைய எண்ணுக்குக் கீழே எழுதுங்கள்.